ஏழு இடம் விட்டுத் தொடங்கிய கடிதம்

பிரம்மசக்தியின் வீட்டில் அறுபத்தோரு டைப்ரைட்டர்கள் இருந்தன. உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. பாளையங்கோட்டை மகாராஜ நகரில், நான்காவது மாடியில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீடு. முதலில் ஒரு படுக்கையறையை டைப்ரைட்டர்களுக்கு விட்டுக்கொடுத்தாள். பிறகு இன்னொன்றையும் விட்டுக்கொடுத்தாள். இப்போது கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள். அறுபத்தாறு வயதில் தரையில் படுத்து எழுந்தால் முட்டி என்னத்துக்கு ஆகும் என்று கீழ்வீட்டு டாக்டர் கேட்டதற்கு, "அதுகளத் தரையில வைக்க முடியாதுல்லா டாக்டர், துரு பிடிச்சிரும்" என்றாள். அதற்குப் பிறகு டாக்டர் அவளுக்கு ஆலோசனை சொல்வதில்லை.

இந்த 2038-இல் டைப்ரைட்டர் சேர்க்கிறவர்கள் சென்னையிலும் கோவையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவதெல்லாம் கைப்பெட்டி மாதிரி மூடி எடுத்துக்கொண்டு போகிற சின்ன இயந்திரங்கள். சிவப்பு, கடல்நீலம் என்று பார்த்தாலே எடுத்துக் கொஞ்சலாம் போலிருக்கும். பிரம்மசக்தியிடம் அப்படி ஒன்றுகூடக் கிடையாது. அவளிடம் இருப்பதெல்லாம் அலுவலக மேசையில் உட்கார்ந்திருந்த தடித்த சாம்பல்நிற இயந்திரங்கள், எல்லாமே தமிழ் எழுத்துப்பலகை, எல்லாமே திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் வாங்கியவை. கோவையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்து இரண்டு அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்களே, அறுபது எதுக்குங்க?" என்று கேட்டார். "ஒரே மாதிரி இல்ல" என்றாள். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. அந்த மனிதர் ஊருக்குப் போய், பாவம், தனியாக இருந்து இருந்து ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று சொல்லியிருப்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் அவள் கைவேலைக்கு அந்த வட்டாரத்தில் பெரிய மதிப்பு இருந்தது. முப்பத்தொரு வருடம் பல் மருத்துவக் கூடத்தில் பல்செட் செய்தவள். எழுத்து அச்சுகளின் இடுக்கில் சேர்ந்த அழுக்கைப் பல் சுரண்டும் ஊசியால் எடுப்பாள். டைப்ரைட்டரில் காகிதத்துக்குப் பின்னால் முதுகு கொடுத்துச் சுழல்கிற ரப்பர் ரோலர் இருக்கிறதே, அதுதான் வயதானால் முதலில் கெட்டுப்போகும். கல் மாதிரி இறுகிவிடும். எழுத்து சரியாக விழாது, காகிதம் வழுக்கும். பிரம்மசக்தி பழைய ரப்பரைச் சீவி எடுத்துவிட்டு, பல்செட்டுக்கு அச்சு வார்க்கிற பக்குவத்தில் புது ரப்பர் வார்த்து மாட்டிவிடுவாள். தமிழ்நாடு முழுக்கச் சேகரிப்பாளர்கள் அவளுக்கு ரோலர் அனுப்பினார்கள். பழைய ரப்பரோடு ஒரு இயந்திரத்தை அலமாரியில் வைப்பது அவளுக்குக் குளிக்காமல் சாமி கும்பிடுகிற மாதிரி.

அந்த வேலைக்கெல்லாம் முன்னால் அவள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அது யாருக்கும் தெரியாது. புதிதாக ஒரு இயந்திரம் வந்தவுடன், துடைப்பதற்கும் முன்னால், ஒரு தாளைச் சொருகி இரண்டே இரண்டு வரி அடிப்பாள். பிறகு பீரோவில் இருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து, பக்கத்தில் வைத்து, பல் கூடத்து லென்ஸால் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவாள். அந்தக் கடிதத்தில் 'ர'வின் கால் பாதியில் முறிந்திருக்கும். 'ண' எப்போதும் வரியைவிட்டு ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கும். அறுபத்தோரு முறை ஒப்பிட்டாயிற்று. அறுபத்தோரு முறையும் பொருந்தவில்லை.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். "ஐயா, தங்கள் மகனுக்குப் பார்த்திருக்கும் பெண் பிரம்மசக்தி, டைப் கிளாஸுக்குப் போவதாகச் சொல்லி வேறிடம் போய் வருகிறாள். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். தங்கள் குடும்ப நலன் கருதி எழுதுகிறேன். இப்படிக்கு, உண்மை விளம்பி."

1994-ஆம் வருடம் ஆனி மாதம், கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது உடன்குடியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை. இந்த மொட்டைக் கடுதாசியை மேசையில் போட்டார், போய்விட்டார். மாப்பிள்ளை பெயர் சுயம்புலிங்கம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு அவள் இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தாள். கல்யாணம் நின்றது. அடுத்து வந்த இரண்டு இடமும் விசாரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. மூன்றாவது இடம் வருவதற்கு முன்னால் அவளே போதும் என்று சொல்லிவிட்டாள்.

யார் எழுதியது என்பதில் அவளுக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ராஜகனிதான். சேர்ந்து டைப் கிளாஸ் போனவள், பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்தவள், அவளைவிட நெருங்கிய சிநேகிதி வேறு யாரும் கிடையாது. அவளே எழுதினாள் என்பதற்குச் சாட்சி கடிதத்திலேயே இருந்தது. பத்தி தொடங்கும்போது ஐந்து இடம் விட்டு அடிக்க வேண்டும் என்பதுதான் எல்லா இன்ஸ்டிட்யூட்டிலும் சொல்லிக்கொடுக்கிற பாடம். அவர்களுடைய ஞானமுத்து மாஸ்டர் மட்டும் ஏழு இடம் விடச் சொல்வார். "பத்தின்னா மூச்சு விட்டுத் தொடங்கணும்டே, அஞ்சு பத்தாது" என்பார். ஆறு விட்டால் ஸ்கேலால் கைவிரலில் ஒரு தட்டு விழும். மொட்டைக் கடுதாசி ஏழு இடம் விட்டுத்தான் தொடங்கியது. மாஸ்டரிடம் படித்த பெண்களில் பிரம்மசக்தியின் கல்யாண விவரமெல்லாம் தெரிந்தவள் ஒருத்திதான்.

அன்றைக்கு நிறுத்திய பேச்சு. நாற்பத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. ராஜகனி இதே ஊரில், பெருமாள்புரத்தில், மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறாள். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் என்று இருக்கிறாள். பிரம்மசக்திக்கு வேண்டியது அந்த இயந்திரம். அதில் இரண்டு வரி அடித்து, கடிதத்தோடு சேர்த்து, ராஜகனியின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். நீட்டும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தாள். வருடங்கள் போகப் போக அந்த வார்த்தைகள் கூர்மையாகிக்கொண்டே வந்தன.

அப்போதுதான் ரோலர் வாசிப்பு வந்து சேர்ந்தது.

அடிப்படை விஷயம் சின்னதுதான். டைப்ரைட்டரில் ஒரு எழுத்தை அடித்தால் மை காகிதத்தில் விழுகிறது, அடி ரப்பரில் விழுகிறது. ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு அமுங்கல் ஏற்படுகிறது. அது முழுதாக எழும்புவதே இல்லை. லட்சக்கணக்கான அடிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்தாலும், எது முந்தி எது பிந்தி என்று ரப்பரின் வயதை வைத்துப் பிரித்துவிட முடியும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பழைய கோர்ட்டு ஆவணங்களை மீட்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். ஆறே மாதத்தில் தெருவுக்கு வந்துவிட்டது.

பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. தாத்தா ஞாபகமாகக் கண்ணாடிப் பெட்டியில் டைப்ரைட்டர் வைத்திருந்த குடும்பங்கள் அதைச் சாக்கில் கட்டித் தாமிரபரணியில் போட்டன. வண்ணாரப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் வற்றிய நேரத்தில் பதினோரு இயந்திரங்கள் மல்லாந்து கிடந்தன. வக்கீல் குடும்பம் ஒன்றில் ஒரு உயில் மூன்று தேதிகளில் அடிக்கப்பட்டிருந்தது தெரியவந்து, அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் பார்ப்பதை நிறுத்தினார்கள். ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சக ஆசிரியர்களைப் பற்றி இருபது வருடமாக மேலிடத்துக்கு எழுதிய மொட்டைக் கடுதாசிகள் முந்நூற்றுச் சொச்சம் ஒரே ரோலரில் கிடைத்தன. அவர் அத்தனை பேருக்கும் பணி ஓய்வு விழாவில் வாழ்த்துப்பா வாசித்தவர். அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சட்டம் ஒன்று வந்தது. இயந்திரத்தின் சொந்தக்காரர் கேட்டால்தான் வாசிக்கலாம். வாசித்ததை அவர் வெளியே சொல்லக் கூடாது. தன்னைப் பற்றியதை மட்டும் அச்செடுத்துக்கொள்ளலாம். சட்டத்தை நம்பி யார் நிம்மதியாக இருப்பார்கள்? சேகரிப்பாளர்களைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கினார்கள். பிரம்மசக்தி லிஃப்டில் ஏறினால் மூன்றாம் மாடிக்காரர் படியில் இறங்கிப் போனார். அவருடைய அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். சேகரிப்பாளர்களின் குழு கலைந்தது. ரோலர் மாற்றித் தரச் சொல்லித் தினம் நாலு பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த போன் வாரக்கணக்கில் அடிக்காமல் கிடந்தது. யாரும் வராத வீட்டில் யாரும் வராமலிருப்பது புது விஷயம் இல்லைதான். இருந்தாலும் அவளுக்கு வலித்தது.

ரோலர் வாசிக்கிற கருவியோடு வீடு தேடி வருகிற வாசிப்பு வண்டிக்கு மாசியில் எழுதிப் போட்டாள். பங்குனியில் வண்டி வந்தது. கூடவே நிலோஃபர் என்ற பெண் வந்தாள். மேலப்பாளையத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். நாலு மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை.

"லிஃப்டு இருக்குல்லா" என்றாள் பிரம்மசக்தி.

"இருக்குதான் ஆன்ட்டி. ஆனா வண்டியப் பாத்தவுடனே யாரோ ஆஃப் பண்ணிட்டாங்க. எல்லா இடத்துலயும் இப்படித்தான். பழகிப்போச்சு."

ஒரே நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு பிரம்மசக்தி பாய்ச்சுருளின் மேல் உட்கார்ந்தாள். மொட்டைக் கடுதாசியை நீட்டினாள். நிலோஃபர் அதை இரண்டு தடவை படித்தாள். யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை.

"இதை அடிச்ச மிஷின் இங்க இருக்குன்னு நினைக்கியளா?"

"இல்ல. எழுத்து ஒண்ணுலயும் பொருந்தல. ஆனாலும் ஒரு தடவ பாத்துருவோம்."

"ஆன்ட்டி, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ரோலரை வாசிச்சா நீங்க தேடுறது மட்டும் வராது. அதுக்கு முன்னாடி அடிச்சது, பின்னாடி அடிச்சது எல்லாம் வரும். கேட்டதுக்கு அப்புறம் கேக்காத மாதிரி இருக்க முடியாது. நெறையப் பேரு எங்கிட்ட ஏன்டா வந்தேன்னு அழுதிருக்காங்க."

"நான் அழ மாட்டேன்."

"சரி. எத்தனை ரோலர் பழைய ரப்பரோட இருக்கு?"

பிரம்மசக்திக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மாசியில் இருந்தே அவள் தூங்காததற்கு அதுதான் காரணம்.

"ஒம்பது" என்றாள்.

"மத்த அம்பத்திரெண்டு?"

"நாந்தான் சீவி எடுத்தேன்."

நிலோஃபர் அலமாரிகளைப் பார்த்தாள். வரிசை வரிசையாக, தூசி துரும்பு இல்லாமல், எல்லாம் புது ரப்பரோடு பளபளவென்று நின்றன. சீவிய ரப்பர் குப்பை வண்டியில் போய் எத்தனை வருடம் ஆயிற்றோ. யார் மீதும் பழி போட முடியாது. இயந்திரத்தை நன்றாக வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா? தேடியதைத் தன் கையாலேயே சீவிப் போட்டிருப்போமோ என்று பிரம்மசக்தி நினைத்தாள்.

"ஒம்பதுல இருக்கலாம் ஆன்ட்டி" என்று நிலோஃபர் எழுந்தாள்.

ஒன்பதும் பால்கனியில் கிடந்தன. உதிரிப் பாகத்துக்காக வைத்திருந்த உடைசல்கள். இரும்புச் சட்டம் விரிசல் விட்டவை, பாதி எழுத்துக்கம்பிகள் பிடுங்கப்பட்டவை. அலமாரியில் வைக்க லாயக்கில்லை என்று அவள் திரும்பிப் பார்க்காத பிறவிகள். நிலோஃபர் கொண்டுவந்த கருவி ஒரு பெரிய டிபன் கேரியர் அளவுதான் இருந்தது. ரோலரைக் கழற்றி உள்ளே வைத்து மூடினால் இருபது நிமிடம் உறுமும். முதல் நாலில் கடிதம் இல்லை. ஐந்தாவதில் இல்லை. மத்தியானம் பிரம்மசக்தி ரசம் வைத்தாள். இரண்டு பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். வீட்டில் இன்னொரு ஆள் சாப்பிடுகிற சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்தாள்.

ஏழாவது ரோலரில் கருவி மணி அடித்தது.

நிலோஃபர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பிறகு, "கெடச்சிருச்சு ஆன்ட்டி" என்றாள். குரலில் உற்சாகம் இல்லை.

"எழுத்து பொருந்தலியே" என்று பிரம்மசக்தி உடைசலின் மேல் குனிந்தாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். 'ர' அச்சின் அடியிலும் 'ண' அச்சின் அடியிலும் மற்றதில் இல்லாத பற்றவைப்பு இருந்தது. எவனோ ஒரு மெக்கானிக் பழுதான இரண்டு எழுத்தையும் எடுத்துவிட்டுப் புதிது வைத்திருக்கிறான். பழுதானதைத்தானே மாற்றுவார்கள்? வாழ்நாள் முழுக்க அடுத்தவர் இயந்திரத்தைப் பழுது பார்த்தவளுக்கு, தான் தேடுகிற இயந்திரத்தையும் ஒருவன் பழுது பார்த்திருப்பான் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. பழைய இரும்புக்காரரிடம் நாலு உடைசலாக மொத்தமாக வாங்கியபோது இதுவும் வந்தது. எங்கே இருந்தது என்று கேட்டதற்கு, ஏதோ சங்கம் என்று சொன்ன ஞாபகம்.

"முன்னாடி என்ன இருக்கு?" என்றாள். "கடுதாசிக்கு முன்னாடி. படி."

"நீங்களே படிங்களேன்."

"எனக்குக் கண்ணு கூசுது. படி."

நிலோஃபர் படித்தாள். "'அன்புள்ள அப்பாவுக்கு, சுயம்பு வணக்கமாய் எழுதிக்கொள்வது. நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். பெண் மீது ஒரு குறையும் இல்லை. எனக்கு எந்தப் பெண்ணோடும்'. அவ்வளவுதான் ஆன்ட்டி. அதோட தாளை உருவியிருக்காரு."

மேலே படி என்று பிரம்மசக்தி கையைக் காட்டினாள்.

"அடுத்த தாளு. 'அன்புள்ள அப்பாவுக்கு, பெண் மீது ஒரு குறையும் இல்லை.' அதுவும் நின்னுபோச்சு. அடுத்தது 'அன்புள்ள அப்பாவுக்கு'ன்னு மட்டும் இருக்கு. அதுக்கு அடுத்தது இந்தக் கடுதாசி. 'ஐயா'ன்னு தொடங்குது."

"எத்தனை இடம் விட்டு?"

"என்னது?"

"பத்தி. எத்தனை இடம் விட்டுத் தொடங்குது?"

நிலோஃபர் விரலால் எண்ணினாள். "ஏழு. இந்த ஆளு அடிச்சதெல்லாம் ஏழுதான். முன்னாடி இருக்கிற ஆபீஸ் கடுதாசியும் ஏழு."

ஞானமுத்து மாஸ்டர் பாளையங்கோட்டைக்கு வருவதற்கு முன்னால் உடன்குடியில் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். "உடன்குடிப் பயலுவ உங்கள மாதிரி இல்லட்டி, சொன்னா கேப்பானுவ" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் பிரம்மசக்தி கேட்டிருக்கிறாள். ஏழு இடம் விட உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று எப்படி நம்பினாள்?

ஒரு விஷயம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சுயம்புலிங்கம் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் செத்துப்போனான். செய்தி தெரிந்த அன்றைக்கு அவள் உடன்குடிக்குப் பஸ் ஏறிப் போய், பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். அவன் தனக்காகத்தான் தனியாக இருந்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து தன்னை விட்டுவிட்டாலும் வேறு ஒருத்தியை அவனால் நினைக்க முடியவில்லை என்று நினைத்திருந்தாள். பாயில் படுக்கும்போதெல்லாம் அவளுக்குத் துணை இருந்தது அந்த நினைப்புதான். 'எந்தப் பெண்ணோடும்' என்ற இரண்டு வார்த்தையில் அதுவும் போயிற்று. அவனுக்கு என்ன பயம் இருந்தது, யாரை மனதில் வைத்திருந்தான், 1994-இல் உடன்குடியில் அதை யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. கோபப்படப் பார்த்தாள், வரவில்லை. அவனை நினைத்தாலும் பாவமாக இருந்தது. எல்லாவற்றையும்விடத் தன்னை நினைத்துத்தான் அதிகம் பாவமாக இருந்தது.

"தண்ணி கொண்டு வரட்டுமா ஆன்ட்டி?"

"அழலைல்லா நான்?"

"இல்ல" என்று நிலோஃபர் பொய் சொன்னாள். பிறகு, "இதுல உங்களைப் பத்தின பக்கம் நாலும் அச்செடுத்துத் தாரேன். சட்டப்படி அது உங்களுக்கு. மத்ததை அழிச்சிருவேன்" என்றாள்.

"'பெண் மீது ஒரு குறையும் இல்லை'ன்னு இருக்குல்லா. அது நல்லாத் தெளிவா விழுமா?"

"விழும் ஆன்ட்டி."

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நாலு தாளையும் உறையில் போட்டுப் பெருமாள்புரத்துக்கு ஆட்டோவில் போனாள். ராஜகனியின் முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகிவிட்டன. வேறு வார்த்தைகள் தேடினாள். வழி முழுக்கத் தேடியும் மன்னிச்சிரு என்பதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. அது நாற்பத்து நான்கு வருடத்துக்குப் போதுமா என்பது அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கதவைத் திறந்தது ராஜகனிதான். தலை முழுக்க வெளுத்திருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். யார் என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். "வா" என்று உள்ளே போனாள்.

கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மறுபடியும் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் யாரோ குளித்துக்கொண்டு பாடினார்கள். மாடியில் ஒரு குழந்தை எதையோ உருட்டி விளையாடியது. பிரம்மசக்தி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து உறையை நீட்டினாள்.

"ராஜி, அந்தக் கடுதாசிய நீ எழுதலன்னு தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அது தெரியும்லா" என்றாள் ராஜகனி. கை பீன்ஸை நறுக்கிக்கொண்டே இருந்தது.

"இதுல இருக்கு. ரோலர் வாசிச்சு எடுத்தது. ஒரு தடவ படிச்சுப் பாரு."

"சுயம்பு எழுதினதுதான?"

பிரம்மசக்தியின் நீட்டிய கை அப்படியே நின்றது. தாளில் இருப்பது உலகத்தில் தனக்கும் நிலோஃபருக்கும் அந்தக் கருவிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அவனே சொன்னான். ஆடி மாசம் பொறந்த மறுநா, கிளாஸ் வாசல்ல சைக்கிளப் புடிச்சிக்கிட்டு நின்னான். 'நீங்க அவங்க சிநேகிதிதான, நாந்தான் எழுதுனேன், அவங்ககிட்ட சொல்லிருங்க, மன்னிச்சிரச் சொல்லுங்க'ன்னான். நேர்ல வந்து சொல்லலாம்லான்னு கேட்டேன். அழுதான். அவன் நேர்ல சொல்லுற ஆளா இருந்தா இந்தக் கடுதாசியே வந்திருக்காதுல்லா."

"அப்பம் நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

ராஜகனி கத்தியைத் தட்டில் வைத்தாள். "சொல்லத்தான மூணு தடவ வந்தேன்."

மூன்று தடவையும் பிரம்மசக்திக்கு நன்றாக நினைவு இருந்தது. தூங்குகிறாள் என்று முதல் தடவை அம்மா சொல்லி அனுப்பினாள். இரண்டாவது தடவை தலைவலி. மூன்றாவது தடவை நல்ல மழை, ராஜகனி குடை இல்லாமல் நனைந்துகொண்டு, "ஏட்டி, ஒரே ஒரு விஷயம், சொல்லிட்டுப் போயிருதேன்" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா திறக்கப் போனபோது பிரம்மசக்தி தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துத் தடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள், கேட்க விடக் கூடாது, காலம் முழுக்கக் கேட்க முடியாமல் வேகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தட்டும் சத்தம் நின்ற பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்றாள்.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே" என்றாள். சொல்லும்போதே அதன் அபத்தம் அவளுக்குத் தெரிந்தது.

"கடுதாசியா? அப்பம் ஒனக்கா?"

பிரம்மசக்தி தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிச்சிரு என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. அது நியாயமான கேள்வி இல்லை, கேட்கிற உரிமையும் தனக்கு இல்லை என்று தெரிந்தும் கேட்டாள்.

"ஏன் நாலாவது தடவ வரல?"

ராஜகனி அவளை நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிரம்மசக்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாலாவது தடவ நீ வருவேன்னு இருந்தேன்" என்றாள்.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. மாடியிலிருந்து ஒரு குழந்தை, "ஆச்சி, வேன் வந்துட்டு" என்று கத்தியது. ராஜகனி தட்டைத் தரையில் இறக்கி வைத்து, ஒரு கையை முட்டியில் ஊன்றி எழுந்து, பேத்தியை வேனில் ஏற்றிவிடப் போனாள்.